அதையும் எழுதிக்குங்க

கூட்டேரிப்பட்டில் திண்டிவனம் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பஞ்சாயத்து மெம்பரு நானு. எனக்குப் பதிலா அவரு ஏன் அண்ணி பேசணும்?" என்றாள் இளையவள்.

"யாரு?"

"பிரசிடெண்டு. ஊரும் சேரியும் அதிகாரத்தை எப்படிப் பங்கு போட்டுக்குதுன்னு ஆராய்ச்சி பண்ண மெட்ராஸ்லேருந்து ஒரு பேராசிரியரு வந்தாரு. பஞ்சாயத்து ஆபீசுல உக்காந்து 'எல்லாரும் சமமா உக்காந்து பேசறோம்'னு பிரசிடெண்டு சொல்றாரு, பேராசிரியரும் எழுதிக்கினு இருக்காரு. நான் தெருவுல நிக்கிறேன்!"

"நீ சும்மாவா இருந்த?"

"'எழுதினதை அடிச்சிடுங்க ஐயா. கைநாட்டு வாங்கறதோட சரி, ஒருநாளும் என்னை உள்ளே விட்டதில்லை'ன்னு கத்திட்டேன். அவரு நோட்டை எடுத்துக்கினு தெருவுக்கே வந்துட்டாரு."

"பிரசிடெண்டு?"

"'நாளையிலேருந்து என் நிலத்துல மல்லாட்டைச் செடி பிடுங்க கூலிக்கு வராதே'ன்னாரு. அதையும் எழுதிக்குங்க ஐயான்னேன்."