புல்லில் ஈரம் இருந்தது

பென்ட் கிராஸ் யாங்கோன் வெயிலைத் தாங்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குளிர்நாட்டுப் புல். தலைமுடி போல் மெல்லிய இலை. ஒட்ட வெட்டிவிட்டால் பந்து சத்தமில்லாமல் உருளும். மாவ்பி சாலையில் இருக்கும் எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஒரே ஒரு குழியைச் சுற்றி மட்டும் அதை வளர்த்துப் பார்க்க முதலாளி ஆசைப்பட்டார். பொறுப்பை என்னிடம் கொடுத்தார். சித்திரை வெயிலில் குடை பிடிக்காத குறையாக அதைக் காப்பாற்றினேன்.

அதற்கு ஒரு கெட்ட குணம். குழியைச் சுற்றி இருக்கும்வரை ராஜா. கொடி விட்டுப் பக்கத்து அறுகம்புல்லுக்குள் நுழைந்துவிட்டால் வெறும் களை, திட்டுத்திட்டாகத் தெரியும். அதைக் கத்தி முனையால் கிள்ளி எடுப்பது அம்சாவின் வேலை. தாமுவேயிலிருந்து பஸ் ஏறி வருவாள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து எடுப்பாள். கையுறை நான் கொடுக்கவில்லை. உறை போட்டால் விரலுக்குப் புல் வித்தியாசம் தெரியாது என்பது என் எண்ணம்.

ஆடி மழையில் புழு விழுந்தது. கிளப்பில் கூடாது என்று சொல்லியிருந்த மருந்து ஒன்றை வெளியில் வாங்கி, விடிந்ததும் நானே அடித்தேன். அடித்தால் அன்று முழுக்க யாரும் புல்லில் இறங்கக் கூடாது. ஆனால் மறுநாள் முதலாளியின் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. ஓரமெல்லாம் களை.

"என்னண்ணே, ஈரமா இருக்கு? மருந்து அடிச்சீங்களா?" என்றாள் அம்சா.

"மழைத்தண்ணிம்மா. நீ உக்காரு."

மதியத்துக்குள் வாந்தி, வேர்வை, வாயோரம் எச்சில். கிளப் வேனில் ஏற்றி நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதில் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. டாக்டர் சின்ன வயதுப் பர்மியப் பெண். அம்சாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பூச்சி மருந்து ஏதாவது பட்டதா? பெயரைச் சொன்னால் மாற்று மருந்து கொடுக்கலாம்" என்று கேட்டார்.

பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் விஷயம் வெளியே வரும். அந்தப் புல்லைத் தோண்டி எறிந்துவிடுவார்கள். "அதெல்லாம் இல்லை. காலையில் கடையில் மொஹிங்கா சாப்பிட்டாளாம்" என்றேன். நல்ல பர்மிய மொழியில், பிசிறில்லாமல். டாக்டர் இன்னொரு முறை கேட்டார். நானும் இன்னொரு முறை இல்லை என்றேன்.

அம்சா கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் சோற்றில் கை வைக்கக் கூசுகிறது.

மறுநாள் மதியம் இறந்துபோனாள். விருந்தினர்கள் புல்லைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

சுடுகாட்டில் அவள் கணவன் சசிகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க இல்லேன்னா அந்தப் புல்லு மேலயே செத்திருப்பாண்ணே." நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மறுபடி வந்தான். கூடவே மகள் பவானி. பதினெட்டு வயது, அம்மாவின் முகம்.

"இவ அம்மா வேலைய இவளுக்குக் குடுங்கண்ணே. உங்க பார்வையில இருந்தா எனக்குப் பயமில்ல."

அம்சாவைக் கொன்றது நான்தான். சசிகுமாரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லிவிட்டேன். அவளை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன். மருந்து அடிக்கிற நாட்களில், கூடுமானவரை, அவளைப் புல்லில் உட்கார விடமாட்டேன்.