இடப்பக்கம் திருப்பும்போது

— கார்புரேட்டரைக் கொடுங்க மச்சான். மடியிலேயே வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தா நான் எதை மாட்டுறது?

— கொடுக்கிறேன் மாப்பிள்ளை. அதாவது, முதல்ல நல்லாப் பார்த்துக்குங்க. நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே வெளி ஆளை விட்டுக் கழட்டி, என் பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு. ஆக்ஸிலேட்டர் கேபிளும் ஹேண்டிலும் பைக்கிலேயே அப்படியே கிடக்கு. எதுலயும் உங்க கை படல.

— தார்ப்பாயைக் கட்டினது உங்க ஆளு, இப்ப அவிழ்த்தது நீங்க. நான் எங்க தொட்டேன்?

— தொட விட்டாத்தானே.

— என்னங்க, வேணாம். அண்ணன் ஏதோ கோபத்துல சொல்லிட்டார். இதோட விட்டுடுங்க.

— கோபத்துலயா? ஏம்மா, என் முட்டிக்குள்ள கம்பி வெச்சுத் தெச்சிருக்காங்க. கக்கூஸுக்குப் போக ஒரு ஆள் தோள் வேணும். நீதானே பிடிச்சுக் கூட்டிட்டுப் போற? உன் புருஷன் பண்ணின வேலை அது.

— கேட்டியா? இதைத்தான் தெரு முழுக்கச் சொல்லியிருக்கார். மாப்பிள்ளை மாட்டின கேபிள் இழுத்துக்கிட்டு வண்டி தானாப் பாய்ஞ்சுதாம். அன்னிக்கிருந்து பஞ்சர் ஒட்டக்கூட ஒருத்தன் உள்ள வரல. நான் எப்படி விடுறது?

— விட வேணாம். அதாவது, பேச்சை இன்னொரு தடவை சொல்லிடுறேன், அப்புறம் மாத்தக் கூடாது. கேபிள்ல கோளாறுன்னா சாயங்காலத்துக்குள்ள கடையைக் காலி பண்றீங்க.

— கோளாறு இல்லேன்னா, ஓட்டத் தெரியாம நானே முறுக்கி எதிர் வீட்டுச் சுவர்ல விட்டேன்னு அதே தெருவுல நீங்க சொல்லணும். அதுக்கப்புறம் இந்தக் கடையைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது.

— திறக்கல. அப்பா வாக்கு கொடுத்துட்டுப் போனதாலதான் இத்தனை வருஷம் நான் திறக்கல. மாப்பிள்ளை ஒழுங்காத் தொழில் பண்ற வரைக்கும் கீழ்த்தளம் மாப்பிள்ளைக்குன்னார். ஒழுங்கான்னார். அந்த வார்த்தையை மறந்துடாதீங்க.

— மறக்கல. கொடுங்க இப்படி. நீ டார்ச்சைப் பிடி. டேங்குக்கு அடியில. இன்னும் உள்ள.

— இங்கயா?

— அங்கதான். ஆடாமப் பிடி.

— எனக்கு ஒரு சந்தேகம் மாப்பிள்ளை. பழைய கார்புரேட்டர் ஒரே கேபிள்ல காலம் தள்ளிச்சு. இந்த மகராசனுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?

— ஒண்ணு திறக்க, ஒண்ணு மூட. பழசுல மூடுறதுக்கு ஸ்பிரிங் மட்டும்தான். இது பந்தய வண்டிக்குன்னு செய்யுறது. ஸ்பிரிங் சிக்கினாலும் கையைத் திருப்பினா இன்னொரு கேபிள் இழுத்து மூடிடும்.

— மூடிச்சு, மூடிச்சு. என் கண்ணுதான் மூடிச்சு. ஆஸ்பத்திரியிலதான் திறந்தேன்.

— இதை வேணும்னு கேட்டது யாரு? வண்டி மாடு மாதிரி போகுது, ஏதாவது பண்ணுங்கன்னு தினமும் வந்து உயிரை எடுத்தது யாரு?

— மாடா இருந்தா வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்திருக்கும்.

— பேசுங்க. இப்படிக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே பேசுங்க. இந்தச் சின்னச் சக்கரத்துல ரெண்டு பள்ளம் இருக்கு, தெரியுதா? திறக்கிற கேபிளோட நுனிக் குண்டு மேல் பள்ளத்துல உட்காரணும். மூடுறதோட குண்டு கீழ. ரெண்டையும் மாத்தி மாட்டினா நீங்க முறுக்க முறுக்க அது மூடிக்கிட்டுதான் இருக்கும். வண்டி நகரவே நகராது.

— குனிய முடிஞ்சா நான் ஏன் ஊன்றுகோலோட அலையுறேன்? ஏம்மா, நீ பார்த்துச் சொல்லு. மேலது மேல, கீழது கீழ இருக்கா?

— சரியாத்தான் மாட்டியிருக்கார் அண்ணா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தினமும் கூட நிக்கிறேனே.

— ஓ. மெக்கானிக்கம்மா. சரி, மேல சொல்லுங்க மாப்பிள்ளை.

— இந்த நட்டுல வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க. நான் போட்ட பெயிண்ட். முதல்ல மாட்டின அன்னிக்கு எங்க நிறுத்தினேனோ அங்கேயே இப்பவும் நிறுத்துறேன். கோட்டோட கோடு சேருது. ஒத்துக்கிறீங்களா?

— ஒத்துக்கிறேன். ஃபோட்டோவும் எடுத்துக்கிட்டேன்.

— வீடியோவே எடுங்க. இப்ப ஸ்டார்ட் பண்றேன். ஹேண்டில் நேரா இருக்கு. கேட்டுக்குங்க, இதுதான் இதோட நிதானம். கையை எடுத்துட்டேன்.

— கேட்குது.

— இப்ப வலப்பக்கம் முழுசாத் திருப்புறேன். சத்தத்துல மாத்தம் இருக்கா?

— இல்ல.

— இல்லையில்ல? கேபிள் கட்டையா இருந்தாலோ எங்கயாவது மாட்டிக்கிட்டிருந்தாலோ ஹேண்டிலைத் திருப்பும்போது அதுவே இழுத்துக்கும், இன்ஜின் தானா ஏறும். நீங்க சொல்ற பேய் அதுதான். இப்ப இடப்பக்கமும் பார்த்துட்டா முடிஞ்சது.

— என்னங்க, போதுங்க. அணைச்சுடுங்க.

— இரு. அரைக் கிணறு தாண்டச் சொல்றியா? இப்ப இடப்பக்கம்.

— ஏன் பாதியில நிறுத்திட்டீங்க மாப்பிள்ளை? திருப்புங்க. இன்னும். ம்ம், கேட்குதா? நல்லாக் கேட்குதா? என் கை ஊன்றுகோல்ல இருக்கு. உங்க கையும் கைப்பிடியில இல்ல. அப்ப யார் முறுக்குறா?

— இருங்க மச்சான்.

— இந்தச் சத்தத்துல தலையே வெடிச்சுடும் போல. முதல்ல அணைங்க.

— அணைச்சுட்டேன். இருங்க. இது இப்படி ஏறக் கூடாது.

— கூடாதுதான். எனக்கும் அப்ப அதேதான் தோணிச்சு. கேட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒடிக்கிறேன், அது பாயுது. கூடாது கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் போய்ச் சுவர்ல அப்பினேன்.

— இந்த ரப்பர் உறையைப் பாருங்க. கைப்பிடி கிட்ட. அதுக்குள்ள கேபிளை இறுக்குற திருகு ஒண்ணு இருக்கு. கைப்பிடி கொஞ்சம் சும்மா சுத்தணும், அப்புறம்தான் கேபிளை இழுக்கணும். அந்தத் தளர்ச்சியை நான் விட்டிருந்தேன். இப்ப திருகு முழுசா வெளியே வந்திருக்கு. கேபிள் வீணைக் கம்பி மாதிரி நிக்குது. இது நான் வெச்சது இல்ல.

— அதாவது, அதுவாத் திருகிக்கிச்சு.

— அதுவாத் திருகாது. மேல நட்டைப் போட்டு இறுக்கி, உறையையும் இழுத்து மூடியிருக்கு. யாரோ கை வெச்சிருக்காங்க.

— நானா? எனக்கு ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. கழட்ட வந்தவன் கைப்பிடிப் பக்கமே போகல, எனக்கு வேண்டியவன் ஒருத்தன் பக்கத்துலயே நின்னான். தார்ப்பாய் முடிச்சு அவன் போட்ட முடிச்சு. அப்ப விழுறதுக்கு முன்னாடி நடந்திருக்கணும். அன்னிக்குக் காலையில நீங்க சாமான் வாங்கப் போயிட்டீங்க. வண்டியை உருட்டிட்டு வந்து சாவியை என் கையில கொடுத்தது யாரு? ஏம்மா, நீ எதையாவது தொட்டியா?

— அண்ணா...

— டார்ச்சை ஏன் கீழ இறக்கிட்ட?

— அண்ணா, நான்...

— அவளை ஏன் நோண்டுறீங்க? நான்தான்.

— என்ன நான்தான்?

— முந்தின நாள் நான்தான் அதைத் திருகினேன். சரியா இருக்கான்னு பார்க்கிறதுக்காக. திரும்பத் தளர்த்தி வைக்க மறந்துட்டேன்.

— இப்பதானே நான் வெச்சது இல்லேன்னு சொன்னீங்க?

— இப்பதான் ஞாபகம் வருது.

— என்னங்க, நீங்க...

— நீ பேசாம இரு. டார்ச்சை அணை.

— அதாவது, உங்க வேலையில தப்புன்னு உங்க வாயாலயே ஒத்துக்கிறீங்க.

— ஒத்துக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுறேன். வீடியோவுல பதிஞ்சுதா? இல்ல, திரும்பச் சொல்லணுமா?

— பதிஞ்சுது, பதிஞ்சுது. வெல்டிங் சிலிண்டரை மறந்துடாம எடுத்துக்குங்க. சுவர்ல ஆணி அடிச்ச இடமெல்லாம் நான் பூசிக்கிறேன். விடும்மா, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சு நானே படி ஏறிக்கிறேன். சாப்பாட்டை மட்டும் சூடா மேல கொண்டு வந்துடு. அப்படியே அந்தக் கால் மருந்தும்.

— போயிட்டாரா?

— கதவைச் சாத்திட்டார்.

— அந்தச் சாக்கை எடு. ஸ்பேனரை எல்லாம் உள்ள போடு. ஜாக்கியை நான் தூக்கிக்கிறேன்.

— எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?

— பின்ன, உன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா? காலம் பூராவும் அந்தக் காலைக் காட்டிக் காட்டியே உன்னைக் கொன்னுடுவார். கடை போனா இன்னொரு கடை. சாக்கை எடு.

— எடுக்க மாட்டேன்.

— இங்க பாரு, எனக்கு உன் மேல கோபம் இல்ல. கைப்பிடி லொடலொடன்னு ஆடுதேன்னு நல்லது நினைச்சுதான் இறுக்கியிருப்ப. தளர்ச்சி வேணும்னு நான் உனக்குச் சொல்லி வெச்சிருக்கணும்.

— சொல்லியிருக்கீங்க.

— எப்ப?

— இதை மாட்டும்போதே. முழுசா இறுக்கினா இந்த வண்டி இடப்பக்கம் ஒடிக்கும்போது தானா ஏறிடும்னு. நானும் திருப்பிப் பார்த்தேன்.

— அப்ப... தெரிஞ்சேவா?

— அன்னிக்கு அண்ணன் கிளம்பினது இந்த இடத்தை விக்க முன்பணம் வாங்க. அப்பா வாக்கெல்லாம் அப்பாவோட போச்சுன்னு ஃபோன்ல யார்கிட்டயோ சிரிச்சுக்கிட்டிருந்தார். நீங்களும் இல்ல. வாசல்லயே சாய்ஞ்சுடுவார், அன்னிக்கு ஒரு நாள் போகாம இருந்தாப் போதும்னு நினைச்சேன். வாங்க இருந்தவன் வேற இடம் பார்த்துட்டுப் போயிட்டான்.

— உனக்குப் புத்தி இருக்கா? செத்திருந்தா?

— அதை நினைச்சுதான் தினமும் அந்தக் காலைக் கழுவி விடுறேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

— சொன்னா சண்டைக்குப் போயிருப்பீங்க. அவர் நிதானமா வித்துட்டு வந்திருப்பார்.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. வா, சாக்கைப் பிடி.

— அவர் காலை உடைச்சு நான் காப்பாத்தின கடையை, நீங்க எனக்காகத் தூக்கிக் கொடுத்துட்டீங்க.