உற்சவமில்லாத நாளில் மல்லாரி

மழைக்காலத்தில் நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி சீக்கிரம் ஊறிப்போகும், ஐயா. வெயில் வந்ததும் சற்று நேரம் காயவைத்து எடுக்க வேண்டும். உங்கள் ஆட்கள் என் வாத்தியத்தை ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். பூஞ்சை பிடித்துவிடும். மற்றதைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட நினைத்தேன்.

ஆதிகேசவனை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். நான் பெருமாள் கோயிலில் வாசிக்கிறவன். அவர் அதே கோயிலில் சுவாமியைத் தோளில் சுமந்தவர். ஸ்ரீபாதம் தாங்கி என்போம். சுவாமி புறப்படும்போது நாங்கள் மல்லாரி வாசிப்போம். அது புறப்பாட்டுக்கு மட்டுமே உரியது. கல்யாணத்திலோ கச்சேரியிலோ வாசிப்பதில்லை. சுமப்பவர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. மல்லாரி தொடங்கினால் காலை எடுத்து வைக்க வேண்டும். வாசிப்பு நிற்கிறவரை சுவாமியைச் சுமக்கும் தண்டு தோளைவிட்டு இறங்கக் கூடாது. காலில் முள் தைத்தாலும் சரி, தலையில் இடி விழுந்தாலும் சரி. ஆதிகேசவன் அதை ஒரு நாளும் மீறியவர் அல்லர்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் தெரு மறந்தது, பிறகு சாப்பிட்டது மறந்தது, கடைசியில் பெற்ற மகளே மறந்துபோனாள். மகள் தேவகி தறிக்காரர்களுக்கு ராட்டையில் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவள். சோறு பிசைந்து ஊட்டுகிறவளைப் பார்த்து, "யார்மா நீ? எங்க வூட்ல இன்னா பண்ற?" என்று கேட்பார். அவளும் ஒவ்வொரு தடவையும் தன் பெயரைச் சொல்வாள். நான் வாசலைக் கடக்கும்போது கேட்டிருக்கிறேன். பாவமாக இருக்கும்.

பங்குனி உற்சவத்தில் சுவாமி அந்தத் தெருவுக்குள் வந்தபோதுதான் அது நடந்தது. என் மல்லாரி காதில் விழுந்ததும் பாயில் கிடந்த மனிதர் எழுந்து, "தேவகி, என் துண்ட எடும்மா. சாமி பொறப்பட்டுடுச்சு" என்றாராம். மறுநாள் தேவகி கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றாள்.

"அண்ணே, உங்க வாசிப்பக் கேட்டுத்தான் எங்கப்பா என் பேரச் சொன்னாரு. அப்பப்ப வந்து வாசிக்கிறீங்களாண்ணே?"

அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

வீட்டுக்குள் நாகசுரம் வைத்து மல்லாரி வாசிப்பது தகாது. அதனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் பாடினேன். அதுவே போதுமானதாக இருந்தது. ஆதிகேசவன் மூலையில் இருந்த உலக்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடப்பார். நடக்கும்போதே முகம் தெளியும். மகளோடு பேசுவார். அவள் அம்மா செய்த வடகத்தின் ருசியைப் பற்றிச் சொல்வார். தேவகி அழுதுகொண்டே சிரிப்பாள். பிறகு எனக்குக் காப்பி கொண்டுவருவாள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் சந்தித்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் வர வேண்டும். இதை நான் கர்வத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஒருமுறை அவள் தர்மன் என்ற தறிக்காரனோடு வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அப்படியே திரும்பிவிட்டேன். சில நாள் போகவில்லை. அந்த நாட்களில் ஆதிகேசவன் அவளைத் திருடி என்று எண்ணித் தெருவுக்குத் துரத்தினாராம். நான் மறுபடி போனபோது தேவகி என் காலில் விழாத குறையாக வரவேற்றாள். யாரால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே.

சங்கடம் எங்கே வந்ததென்றால், பாட்டு அவரைத் தெளியவைத்தது. தெளிந்தவர் மறுபடி தகப்பனாகிவிட்டார். ஒருநாள் உலக்கையோடு நடந்துகொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தேவகி, இவன் இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு கீறான்? இவன் கண்ணு உன் மேலயே இருக்குது. இவன வூட்டுக்குள்ள வுடாத."

உளறுகிறார் என்று சொன்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னார். பாட்டை நிறுத்தினால் மறந்துவிடுவார். பாடினால் நினைவுக்கு வந்துவிடும். அவர் முகம் தெளிவதற்கு முன்பே முடித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் மகளையும் தெரியவில்லை. ஒரு வாரம் போல இப்படி இழுத்தடித்தேன். பிறகு தேவகியே வாசலில் வழிமறித்து நின்றாள்.

"பாட்டு நேரத்துல அப்பா பொய் சொல்ல மாட்டாருண்ணே. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. இனிமே வர வேணாம்."

நான் கோபப்படவில்லை. அப்பா அவளை மறுபடி துரத்துவார், அவளே வந்து கூப்பிடுவாள் என்று பொறுமையாக இருந்தேன். கூப்பிடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்தத் தெரு வழியாகப் போனேன். உள்ளே ராட்டைச் சத்தம். அதோடு தேவகியின் குரல். நான் பாடியதைக் கேட்டுக் கேட்டு அவளே மல்லாரி பாடக் கற்றுக்கொண்டிருந்தாள். சுருதி இல்லை, தாளம் தடுமாறியது, ஓர் இடத்தில் ராட்டையின் ஓட்டத்துக்கு இழுத்து நிரப்பினாள். கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் ஆதிகேசவன் நடந்துகொண்டிருந்தார். "தேவகி, தேவகி" என்று பேசிக்கொண்டே நடந்தார்.

என் வயிறு எரிந்தது, ஐயா. மல்லாரியை அப்படிப் பாடுவது தோஷம். அதற்குத்தான்.

புரட்டாசி மழையில் தெருக்கோடிக் குளம் நிரம்பியிருந்தது. மத்தியானம் தேவகி தார்க் கூடையை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனாள். நான் நாதாங்கியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் வாயால்தான் பாடினேன். அவர் எழுந்திருக்கவில்லை. என் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"உன் பாட்டுக்கு நான் வரமாட்டன்டா" என்றார்.

உறையிலிருந்து நாகசுரத்தை எடுத்தேன். அதை அவரால் மறுக்க முடியவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். கை தானாகப் போய் உலக்கையைத் தூக்கியது. நான் முன்னே வாசித்துக்கொண்டு நடந்தேன். அவர் பின்னால் வந்தார். அவர் உடம்பில் நான் கை வைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தீர்த்தவாரி அன்று சுவாமியைக் குளத்துக்குக் கொண்டுவருவோம். வாசிக்கிறவர்கள் கரையில் ஒதுங்கி நிற்போம். சுமக்கிறவர்கள் படியிறங்கித் தண்ணீருக்குள் போவார்கள். அன்றும் நான் ஒதுங்கி நின்றேன். அவர் இறங்கினார். தண்ணீர் மார்பளவு வந்தபோது திரும்பி என்னைப் பார்த்தார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

"போதும்பா ராமலிங்கம், நிறுத்துப்பா. ஆழமா கீது."

என் பெயர் அவருக்கு நினைவிருந்தது. நான் இன்னொரு சுற்று வாசித்தேன்.

அதை வாயால் பாடியே முடித்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். நாகசுரத்தில் மல்லாரி கேட்டால் இந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். எதிர்வீட்டுக் கங்கையம்மாள் தேங்காய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு சுவாமியைத் தேடி ஓடிவந்தாள். கரையில் நான் மட்டும் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சாமி எங்கப்பா?" என்று கேட்டாள். பிறகு தண்ணீரில் மிதந்த உலக்கையைப் பார்த்தாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தேவகிக்காகச் செய்தேன். அந்த மனிதரைச் சுமந்துகொண்டு அவள் எத்தனை காலம் கிடப்பாள்?

நேற்று அவளை இங்கே கூட்டிவந்தீர்கள். இவனைத் தெரியுமா என்று கேட்டீர்கள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து, "யாருங்க இவரு? எனக்குத் தெரியாது" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. துக்கத்தில் மறந்திருக்கிறாள், அவ்வளவுதான். நாகசுரத்தைக் காயவைத்துக் கொடுங்கள். அவளை எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு தடவை வாசிக்கிறேன். என்னை அவளுக்கு நினைவு வந்துவிடும்.