ஏரிப்பக்கத்து ஜன்னல்

இல்லைங்க மேடம், கையெழுத்து வாங்க வரல. கையில புஸ்தகத்தைப் பாத்ததும் உங்களுக்கு அப்படித் தோணிடுச்சு. இது சும்மா, யாரோ என்னவோன்னு நீங்க பயந்துடக் கூடாதேன்னு எடுத்துட்டு வந்தேன். கதவைச் சாத்திடாதீங்க. ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன்.

பேரு கார்லா. மேல, பெரிய ஏரிக்கரையிலேந்து வரேன். விடியறப்பவே கிளம்பியாச்சு. வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சேனா? பெட்ரோல் பங்க்ல கேட்டேன். அந்தப் பொண்ணு, சொல்லக் கூடாது சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே கையால வழி காட்டிடுச்சு. அதைத் திட்டாதீங்க. என் மூஞ்சி அந்த மாதிரி இருந்திருக்கும்.

உள்ளயா? ரொம்ப நல்லதுங்க. பூட்ஸை இங்கயே கழட்டிடறேன், எல்லாம் சேறு. காப்பி வேணாம்... சரி, குடுங்க. பால் வேணாம், கருப்பாவே குடுங்க.

சந்தேகம் என்னன்னா, உங்க மூணாவது புஸ்தகம். அதுல அந்தப் படகோட்டி பொண்டாட்டி ஏரிப்பக்கத்து ஜன்னலைக் குளிர்காலம் பூரா தொறந்தே வெக்கறா இல்ல? தண்ணியில போன அவ தம்பி ஒரு நாள் சொட்டச் சொட்ட உள்ள வந்து, சாப்பாட்டு மேசையில தன் எடத்துல உக்காந்துக்கறான். அவன் போயிட்டான்னு வீட்டுல யாரும் வாயால சொல்லல, அதனால வந்தான். சரிதானே? அந்த ஜன்னலை எப்ப மூடணும்? அதை நீங்க எழுதவே இல்ல. ஐஸ் உருகினப்புறம் மூடிடலாமா? அதுக்கு மேல வர மாட்டாங்கதானே?

சிரிக்கறீங்க. இப்படிக் கேக்கறவங்க நிறைய பேர் வருவாங்க போலிருக்கு. என்னது, ஓநாயா மாறினவன் பல்லு வெளக்குவானான்னு கேட்டு எழுதினாங்களா? கடவுளே.

நான் அந்த ரகம் இல்லைங்க. நான் படிக்கறவளே இல்ல. சமையல் குறிப்பு, மருந்து டப்பா, அவ்வளவுதான். படிக்கறது என் வீட்டுக்காரரு, லைல். ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டறாரு. ஆளைப் பாத்தீங்கன்னா கரடி மாதிரி இருப்பாரு, கை ஒண்ணொண்ணும் மண்வெட்டி. அந்தக் கையில உங்க புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு, வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதுட்டு உக்காந்திருப்பாரு. ஊர்ல பாத்தவங்க என்கிட்ட வந்து, என்ன கார்லா, வீட்டுல ஏதாச்சும் சண்டையாம்பாங்க. சண்டை இல்லப்பா, ஆறாவது அத்தியாயத்துல சூனியக்காரி செத்துட்டாளாம்னு நான் சொல்லணும். மானம் போகும்.

எங்க ஊர் லைப்ரரில இந்த மாதிரி கதை படிக்கறவங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. லைலு, பல் டாக்டர்கிட்ட நர்சா இருந்த ஒரு அம்மா, தூண்டில் கடை வெச்சிருக்கற கென்னத், அப்புறம் எங்க பொண்ணு சிக்ரிட். பேய், ரத்தக் காட்டேரி, ரெண்டு நிலா இருக்கற கிரகம், எதையும் விட மாட்டாங்க. ஆனா உங்க புஸ்தகம்னா தனி. அதுல வர்ற ஏரி எங்க ஏரி மாதிரியே இருக்கும் இல்ல, அதனால. புதுசு ஒண்ணு வந்துதுன்னா அப்பனும் பொண்ணும் யார் முதல்லன்னு அடிச்சுப்பாங்க. ஒரு தடவை என்ன பண்ணினாங்க தெரியுமா? சமையலறைக் கத்தியால புஸ்தகத்தை நடுவுல ரெண்டா அறுத்துட்டாங்க. முன் பாதி அவளுக்கு, பின் பாதி இவருக்கு. இவரு முடிவைப் படிச்சுட்டுக் கதை எப்படி ஆரம்பிச்சிருக்கும்னு யோசிச்சுட்டுக் கெடந்தாரு. அவ சொல்லவே மாட்டேன்னு ஒரு வாரம் ஆட்டி வெச்சா. இந்தாங்க, இதுதான் அது. டேப் போட்டு ஒட்டினது நான்.

கோவிச்சுக்கலையே? நல்ல வேளை.

சிக்ரிட்டா? ம். சொல்றேன்.

நவம்பர்ல எங்க பக்கம் ஹெர்ரிங் மீன் ஓடும். காலேஜுக்குப் போகாம ஒரு வருஷம் வேலை பாக்கறேன்னு சொல்லி, ஒரு கெழவரோட படகுல வலை இழுக்கப் போயிட்டிருந்தா. கெட்டிக்காரி. அன்னிக்குக் காத்து திடீர்னு திரும்பிடுச்சு. படகு கவுந்து கெடந்ததைப் பாத்தாங்க. கெழவரை மறுநாள் எடுத்தாங்க. அவளை எடுக்கல. எங்க ஏரி அப்படிங்க. அடியில அவ்வளவு சில்லுன்னு இருக்கும். உள்ள வாங்கினா வாங்கினதுதான், மேல விடாது. சின்ன வயசுலேந்து நாங்க எல்லாரும் அதைக் கேட்டு வளந்தவங்கதான். ஆனா கேக்கறது வேற.

ஐயோ, உக்காருங்க மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன். காப்பி நல்லா இருக்கு.

தேடறதை நிறுத்திட்டோம்னு தேடினவங்க வந்து சொன்ன அன்னிக்கு லைல் நாற்காலியிலேந்து எழுந்தாரு. நேரா போயி ஏரிப்பக்கத்து ஜன்னலைத் தொறந்தாரு. புகை புடிக்கப் போறாராக்கும்னு நினைச்சேன். தொறந்த ஜன்னலை அப்புறம் மூடவே இல்ல. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. எங்க ஊரு ஜனவரி உங்களுக்குத் தெரியும். தண்ணிக் குழாய் வெடிச்சுடுச்சு. சமையலறைத் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸு. நாய்த் தட்டுல தண்ணி கல்லாயிடும். ரெண்டு கம்பளித் தொப்பி போட்டுட்டுத்தான் நான் அடுப்பு கிட்ட நின்னு காலைக்கு அப்பம் சுடுவேன். அவரு அந்த ஜன்னல் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. இடது கையில ரெண்டு விரல் நுனி கறுத்துப் போயி, வெட்டிட்டாங்க. வலிக்குதான்னு கேட்டேன். அவளுக்கு இதை விடக் குளுருமே கார்லான்னாரு.

பாஸ்டர் வந்தாரு. ஒரு பிரார்த்தனையாவது வெச்சுடலாம், ஊரே காத்திருக்குன்னாரு. லைல் அவரைச் சட்டையைப் புடிச்சுத் தள்ளாத குறை. போயிட்டான்னு யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு நீங்க எழுதிட்டீங்களே. பிரார்த்தனை வெச்சா அதைச் சொன்ன மாதிரி ஆயிடுமே. அதனால எதுவும் நடக்கல. அவ பேருல ஒரு பூ கூட யாரும் வெக்கல.

டாக்டர்கிட்டயா? கூட்டிட்டுப் போனேன். நல்ல டாக்டர். பொறுமையா பேசினாரு, மாத்திரை குடுத்தாரு. இவரும் பதவிசா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. வெளிய வந்து வண்டில ஏறினதும் சொல்றாரு, அவரு அந்தப் புஸ்தகத்தைப் படிச்சதில்ல கார்லா.

பைத்தியம் இல்லைங்க. தயவு செஞ்சு அப்படி நினைச்சுடாதீங்க. வேலைக்குப் போவாரு, ஒரு கையாலயே ரோடு முழுக்கத் தள்ளிட்டு வருவாரு, அக்கம்பக்கத்துல வயசானவங்க வாசலையும் சேத்துத் தள்ளிக் குடுப்பாரு. அந்த ஜன்னல் ஒண்ணுதான்.

மூடினேனே. ஏன் மூடல? ஒரு தடவை அவரு குளிக்கப் போனப்ப மூடிட்டேன். வந்து பாத்தாரு. கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. ஈரத் தலையோட என் எதுர்ல நின்னு, இப்ப, இந்தக் கொஞ்ச நேரத்துல அவ வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருந்தான்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. நானே போயித் தொறந்து விட்டுட்டேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆறு புஸ்தகத்தையும். போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. கதைக்காக இல்ல. எங்கயாச்சும் ஒரு வரி, மூடலாம்னு, போதும்னு, நீங்க எழுதியிருப்பீங்கன்னு. நல்லாத்தான் எழுதறீங்க. அந்தப் பாதிரியாரும் ஓநாயும் ஒரே படுக்கையில கெடக்கறாங்களே, அங்க மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்தக் குளிர்காலத்துலயே நான் சிரிச்சது அப்பத்தான். ஆனா அந்த வரி இல்ல. கடைசிப் புஸ்தகத்துல கூட ஜன்னல் தொறந்தேதான் கெடக்கு.

எனக்குத் தெரியும் மேடம். கதைன்னு எனக்குத் தெரியும். நீங்க இட்டுக்கட்டினதுதான். சரி, எப்படித் தோணுச்சு உங்களுக்கு, அந்த ஜன்னல்? யாராச்சும் சொன்ன பழைய கதையா? உங்க பாட்டன் பூட்டன் நாட்டுல அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு லைல் சொல்றாரு.

அடுப்பா?

அடுப்புப் புகையா?

இந்த அடுப்பா? இங்க இருக்கற இதுவா? புகைப்போக்கி அடைச்சுக்கிச்சு, ஆள் வர்ற வரைக்கும் அந்தக் குளிர்காலம் இந்த ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு எழுதினீங்க. அவ்வளவுதானா? குளுர்ல உக்காந்திருந்தப்ப ஒரு எரிச்சல்ல எழுதினதா?

இல்ல இல்ல, மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. நான் அழலை, சிரிக்கறேன். அடுப்புப் புகை! மேடம், இதைத்தான், இதைத்தான் நீங்க அவர்கிட்ட சொல்லணும். இதே மாதிரி, இந்த அடுப்பைக் காட்டி. நான் சொன்னா நம்ப மாட்டாரு. டாக்டர் சொன்னா நம்ப மாட்டாரு. பாஸ்டர் வேற புஸ்தகம் வெச்சிருக்காரு. இந்தப் புஸ்தகத்துக்கு நீங்க மட்டும்தான் சொல்ல முடியும்.

எங்கயா? வெளிய. உங்க வேலி ஓரமா நிக்கற நீல வண்டி. ஆமா, கூடத்தான் வந்திருக்காரு. முதல்லயே சொன்னா நீங்க கதவைத் தொறந்திருக்க மாட்டீங்க. நான் போயிக் கேட்டுட்டு வரேன், அவங்களுக்கு முடியுமான்னு தெரியாதுன்னு சொல்லி உக்கார வெச்சுட்டு வந்தேன். வீட்டுல ஜன்னல்கிட்ட தூண்டில் கடை கென்னத்து உக்காந்திருக்காரு, பாவம், கோட்டை மாட்டிக்கிட்டு. ஆள் இல்லாம இவரு கிளம்ப மாட்டேன்னுட்டாரு.

உங்களைக் குத்தம் சொல்ல வரல. அப்படிப் பாக்காதீங்க என்னை. இன்னொண்ணும் சொல்றேன், கேளுங்க. அந்தப் புஸ்தகம் இல்லன்னா நவம்பர்லயே அவரு நடந்து போயி ஏரிக்குள்ள எறங்கியிருப்பாரு. எனக்கு நல்லாத் தெரியும். ஜன்னல்கிட்ட உக்காரணும்ங்கறதுக்காகத்தான் உசுரோட இருந்தாரு. அதுக்கு உங்களுக்கு நான் கும்புடு போடணும். ஆனா உக்காந்தது போதும். எழுந்திருக்கணும் இல்ல?

அவர்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான், அதைப் புடுங்க நான் யாருங்கறீங்க. நியாயம்தான். எனக்கும் அதேதான் தோணும், தெனமும்.

கோடை வரட்டும்ங்கறீங்களா? வெயில் வந்தா தானா விட்டுடுவாரு, ஊர்ல எல்லா ஜன்னலும் தொறந்திருக்கறப்ப இது ஒரு பெரிய விஷயமா தெரியாது, அதுவும் நியாயம்தான். நானும் அப்படித்தான் விட்டுடலாம்னு இருந்தேன் மேடம். போன வாரம் வரைக்கும்.

இன்னிக்கே வேணும். நாளைக்கு ஆகாது.

ஏன்னா, அது வந்து. சிக்ரிட் கிடைச்சிட்டா. செவ்வாய்க்கிழமை போன் வந்துச்சு, அந்தக் கரையிலேந்து, விஸ்கான்சின் பக்கம். ஐஸ் ஒடைஞ்சு ஒதுங்கினதுல, நாயைக் கூட்டிட்டு நடக்கப் போனவங்க யாரோ பாத்திருக்காங்க. போனை எடுத்தது நான். அவரு எதுர்லயே உக்காந்திருந்தாரு, யாருன்னாரு, ராங் நம்பர்னுட்டேன். மறுநாள் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் தனியா போயிப் பாத்தேன். அவதான். தலைமுடியெல்லாம் அப்படியே இருக்கு. நாளைக்கு எங்க ஊர்ப் பேப்பர்ல வந்துடும். பேப்பர்க்காரரு ஒரு நாள் தள்ளிப் போட்டுக் குடுத்தாரு, அதுக்கு மேல முடியாதுன்னுட்டாரு.

அதை நீங்க சொல்ல வேணாம். அது என் வேலை, திரும்பிப் போற வழியில எங்கயாச்சும் வண்டியை நிறுத்தி நான் சொல்லிக்கறேன். நீங்க ஜன்னலை மட்டும் மூடிக் குடுங்க. இவ்வளவு நாள் காத்தும் அவ இப்படியா வந்தான்னு அவரு நினைச்சாருன்னா, தொறந்து வெச்சதுல ஏதோ குறை வெச்சுட்டேன்னு நினைச்சாருன்னா, அதை என்னால தாங்க முடியாது மேடம். அவரு இப்ப வண்டில உக்காந்து அதைத்தான் யோசிச்சுட்டிருக்காரு. அவ ஏன் இன்னும் வரல, எங்க தப்பு பண்ணினோம்னு உங்ககிட்ட கேக்கப் போறாராம்.

கோட்டு போட்டுக்கங்க, வெளிய காத்து அடிக்குது. நான் போயிக் கூட்டிட்டு வரவா, நீங்களே வரீங்களா? உங்களைப் பாக்கப் போறோம்னு சொன்னதும் காலைல எழுந்து சவரம் பண்ணிக்கிட்டாரு. விரல் நுனி இல்லாத கையால. தாடையில ரெண்டு எடத்துல வெட்டிக்கிட்டாரு, அதைப் பாத்தா எதுவும் கேக்காதீங்க.