செவலைக்குட்டிக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த ரோசியம்மாளுக்கு

கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டும் கண்டபடி வெட்டாத கலைமணியே! கல்யாண வீட்டுக் கேசட்டில் தொடங்கிக் கைக்குழந்தைகள் கண்டு களிக்கும் கார்ட்டூன் வரைக்கும் கண் துஞ்சாது உழைத்த கண்ணியமே! அதட்டலில் இடியே, அன்பில் மழையே, எங்கள் அசைபடக் கூடத்தின் அச்சாணியே! படத்தொகுப்பாளர் திருமதி ரோசி மிக்கேல் அம்மையாரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், நெஞ்சு நிறைந்து, நா தழுதழுத்து, தங்கள் முன் நின்று இம்மடலை வாசிக்கிறோம்.

இதற்கு மேல் தங்களை நேரே விளித்துப் புகழ எங்களுக்கு அனுமதி இல்லை. மடல் எழுதப்போகிறோம் என்று சொன்னதுமே, "மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன். வேற யாரையோ சொல்ற மாதிரி சொல்லுங்க, உக்காந்து கேக்கறேன்" என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். உங்கள் உத்தரவை மீறி இந்தக் கூடத்தில் பிழைத்தவர் யார்? ஆகவே இனி வருவது ரோசியக்கா என்ற யாரோ ஒருவரின் கதை. அவரை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாத மாதிரியே உட்கார்ந்திருங்கள்.

சேலத்தில் பிறந்த ரோசியக்கா எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே கல்யாண வீடியோ தொகுத்துத் தொழில் பழகியவர். மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடு கிளம்புவதற்குள் கேசட்டைக் கையில் கொடுத்துவிடுவார் என்று ஊரில் பேர். சேலத்தில் இந்தக் கார்ட்டூன் கூடத்தைத் தொடங்கிய நம் முதலாளி தனசேகர், அந்த வேகத்தைக் கேள்விப்பட்டுத்தான் அவரைத் தேடிப்போய் அழைத்துவந்தார். பள்ளிக்கூடம் எட்டாத சின்னஞ்சிறுசுகளுக்காகத் தொலைக்காட்சியில் 'செவலைக்குட்டி' என்று ஒரு தொடர். மேச்சேரி ஆட்டுக்குட்டி ஒன்று வாரம் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு, திரையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்து, "எங்க போச்சு, சாமி?" என்று கேட்கும். கேட்ட வாய் மூடுவதற்குள் தானே கண்டுபிடித்துக் குதிக்கும். ரோசியக்காவின் வேகம் அப்படி.

முதல் சில பகுதிகளை எடப்பாடியில் விசைத்தறிகள் நிறைந்த ஒரு தெருவின் அங்கன்வாடியில் தனசேகரும் ரோசியக்காவும் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் பார்த்தார்கள், ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை. தனசேகருக்கு முகம் செத்துப்போனது. அடுத்து ஓடிய பகுதியில்தான் அந்தப் பிழை நேர்ந்தது. "பந்து எங்க போச்சு, சாமி?" என்று கேட்ட குட்டி, கண்ணை மட்டும் கொட்டிக்கொண்டு நின்றது. நின்றது நின்றபடியே நின்றது. தொகுக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்த ரோசியக்கா, திரும்பி வந்து அந்த இடத்தைக் கத்தரிக்க மறந்து, அப்படியே அனுப்பிவிட்டிருந்தார். "அய்யய்யோ, மானம் போச்சே!" என்று டிவியை அணைக்க ஓடினார்.

அவர் கை பொத்தானைத் தொடுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொட்டாய் மேல இருக்குது!" அகல்யா என்ற குட்டிப்பெண் எழுந்து நின்று, திரையில் தெரிந்த கொட்டகைக் கூரையைக் கை நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் எழுந்து கத்திய கத்தலில் பக்கத்துத் தறிச் சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மகளை அழைத்துப்போக வந்திருந்த அகல்யாவின் தாய் சித்ரா வாசலில் நின்று இதைப் பார்த்தார். "எங்க ஊட்ல ராப்பகலா தறி ஓடுதுங்க. இவ என்ன சொன்னாலும் எங்க காதுல விழுகாது. நாங்க ஒண்ணு கேட்டாலும், இவ சொல்லி முடிக்கற வரைக்கும் நிக்க நேரமில்லீங்க. இந்தக் குட்டிதானுங்க நின்னு கேக்குது" என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது ரோசியக்கா, குட்டி நின்ற நேரம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து புதுச் சட்டம் பிறந்தது. குட்டி கேள்வி கேட்டதும், ரோசியக்கா பக்கத்திலிருக்கும் எவர்சில்வர் தம்ளரை எடுப்பார். அண்ணாந்து ஒரு மடக்கு குடிப்பார். தம்ளரைக் கீழே வைத்து, முந்தானையால் வாயைத் துடைப்பார். அதுவரைக்கும் குட்டி காத்திருக்க வேண்டும்; அப்புறம்தான் அடுத்த காட்சி. அந்த அளவுக்கு எங்கள் கூடத்தில் 'மடக்கு' என்றே பெயர். குட்டியை வரையும் இளஞ்செழியன் ஒருநாள், கணினியே நொடியைக் காட்டும்போது தண்ணீர் எதற்கு என்று கேட்டுவிட்டார். "நம்பரைப் பாத்தா அவசரம் வருது, சாமி. தண்ணியை அவசரமாக் குடிச்சா பொறையேறும்" என்று பதில் வந்தது.

தொடரை ஒளிபரப்பும் சென்னைக்காரர்களுக்கு மட்டும் மடக்கு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. குட்டி சும்மா நிற்கும் நேரத்தில் பார்ப்பவர்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடுவார்களாம். தனசேகர் நடுவில் மாட்டிக்கொண்டு, "அக்கா, ஒரு மொடக்கை அரை மொடக்காப் பண்ணிக்கலாமுங்களா?" என்று கெஞ்சுவார். "பண்ணிக்கலாம். பிள்ளைக அரைப் பதில்தான் சொல்லும், பரவாயில்லீங்களா?" என்பார் ரோசியக்கா. ஆண்டுதோறும் இந்த இழுபறி நடக்கும். ஆண்டுதோறும் மடக்கு பிழைத்துக்கொள்ளும்.

போன மாதம் சென்னையிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள்: தொடர் நீடிக்க வேண்டுமானால் மடக்கு இருக்கக் கூடாது. ரோசியக்கா தனசேகரிடம் போய், "நான் போன பொறவு வெட்டிருவீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தனசேகர் தரையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிவது அந்த ஆட்டுக்குட்டியால்தான். ரோசியக்கா தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அம்மையாரே, இனி உங்கள் முகத்தைப் பார்த்தே பேசப்போகிறோம், எழுந்து போய்விடாதீர்கள். நேற்று மத்தியானம் நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது, உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. தனசேகர் எங்களையெல்லாம் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டார். "மொடக்கு இல்லாம செவலைக்குட்டி இல்லீங்க. வேணுமா, வேண்டாமான்னு சொல்லிருங்க" என்றார். அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை. உங்கள் இடத்துக்கு வரப்போகும் சுகன்யா பதறிப்போய், ஏதாவது சமாதானம் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள். அவர் கையமர்த்தினார். கவிழ்ந்திருந்த உங்கள் தம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினார். அண்ணாந்து ஒரு மடக்கு குடித்து, தம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்தார். அப்போது பதில் வந்தது: "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான், அக்கா. வெட்ட மாட்டோம். சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, நீங்களும் காத்திருந்தீர்கள்.

மேட்டூர்த் தண்ணீர் தொண்டையில் தித்திக்க, பிணி அண்டாத உடலோடும் பேரப்பிள்ளைகளின் பேச்சு ஓயாத வீட்டோடும் நீடூழி நீங்கள் வாழ, ஆண்டவர் அருள வேண்டுகிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தனசேகர் குடித்தால் லாரி ரேடியேட்டருக்கு ஊற்றுவதுபோல் மளமளவென்று இறங்குகிறது. சுகன்யாவோ குருவி மாதிரி கொத்துகிறாள். யாருடைய மடக்கும் உங்கள் மடக்காக அமையவில்லை.

இதற்குக் கீழே மடலில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கிறது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட கடைக்காரர், "என்னமோ விட்டுப்போச்சுங்களே" என்றார். விட்டுப்போகவில்லை. உங்கள் தம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்திருக்கிறோம். இனி நாங்கள் ஒன்று கேட்கிறோம்: மாதம் ஒருநாள் வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மடக்கு குடித்துக் காட்டிவிட்டுப் போவீங்களா, சாமி?

&nbsp;

&nbsp;

&nbsp;

பதிலுக்குக் காத்திருக்கும்,
செவலைக்குட்டியும்
அசைபடக் கூடத்துப் பணியாளர்களும்,
சேலம்.