அவருக்கான மாத்திரை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

"கேன்சருக்கு ஏத்துற மருந்தே ஹார்ட்டைக் கெடுக்குமாம் லா," என்றார் கணவர். "இன்னிக்கு மூணாவது ஊசி."

நான் புத்தகத்தை மூடினேன்.

"ஹார்ட்டுக்குப் பாதுகாப்புன்னுதானே வைட்டமின் ஈ வாங்கி வச்சேன்?"

"டாக்டர் வேணாங்கிறாரே. அது ஹார்ட்டையும் காப்பாத்தலாம், கேன்சரையும் காப்பாத்தலாமாம். அவருக்கே சரியாத் தெரியல."

"எதைக் காப்பாத்தணும்னு மாத்திரைக்குத் தெரியாதாங்க?"

"தெரியாதாம். ஆமா, நான் தொடவே இல்லையே, போத்தல் எப்படிப் பாதியாச்சு?"

"நான்தான் முழுங்குறேன். உங்களுக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கேன்ல? அது மாதிரி."

சிரிப்பார் என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் இறங்க எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்:

"இன்னிக்கு மாத்திரையைச் சாப்பிட்டியா?"