மூணாவது மாடிக் குழாய்

— அக்கா, மேல தொட்டி நிறைஞ்சு கிடக்கு. கீழ எல்லா வீட்டுலயும் தண்ணி கொட்டுது. உங்க குழாயில மட்டும் சொட்டுகூட இல்லையே!

— அதைத்தானே நானும் சொல்றேன் தம்பி. இன்ஜினியர்னு பேரு… கரண்டு வேணாம், காலால மிதிச்சாலே தண்ணி மாடி ஏறும்னு மெஷின் செஞ்சீங்க. என் வீட்டு வழி மட்டும் அதுக்குத் தெரியலபோல.

— மூணு மாசமாவா?

— மூணரை.

— எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— உங்களுக்கு ஆயிரம் சோலி. விடுங்க… டீ போடவா?

— இருங்க, வால்வைப் பார்த்துடுறேன்… ம்… திறந்துதான் இருக்கு. அப்போ இத்தனை நாளா தண்ணிக்கு என்ன பண்றீங்க? இந்த முழங்காலை வச்சுக்கிட்டு மூணு மாடி…

— நான் எங்க இறங்குறேன்? கீழ் வீட்டுத் தையல்காரி கொண்டாந்து வைப்பா. காலையில ரெண்டு குடம்.

— தினமுமா?

— ஒரு நாள் தப்பினதில்ல. குடத்தை இறக்கிட்டு, உஸ்ஸுன்னு அந்த ஜன்னல் ஓரமா உட்காருவா. பள்ளிக்கூடச் சட்டைக்கு ரெண்டு இடது கை வச்சுத் தச்சுட்டேன்க்கான்னு சொன்னா பாருங்க… விழுந்து விழுந்து சிரிச்சோம். பத்து நிமிஷம் இருப்பா. ஒரு நாள் அரை மணிகூட ஆச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன… போயிடுவா. எதிர் வீடும் பூட்டியே கிடக்கு. மறுநாள் காலையிலதான் இங்க பேச்சுச் சத்தம் கேக்கும்.

— உங்க மகன் போன் பண்றதில்லையா?

— பண்ணுவான். மாத்திரை போட்டியாம்பான். போட்டேன்னா வச்சிடுவான்.

— அந்தப் பையை இப்படித் தள்ளுங்கக்கா.

— என்ன தம்பி, ஸ்பேனரை எடுக்குறீங்க?

— இந்த வளைவைக் கழட்டிப் பார்க்கணும்.

— ஐயையோ, வேணாம்! சுவரு பேந்துடும்.

— பிளாஸ்டிக் குழாய்க்கா. சுவருக்கு ஒண்ணும் ஆகாது.

— நாளைக்குப் பார்த்துக்கலாம். இந்தாங்க, டீயைக் குடிங்க முதல்ல.

— நாளைக்கா? வீடு வீடா வந்து, உங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டுத்தானேக்கா இதைச் செஞ்சோம்?

— கேட்டீங்க. தண்ணி வேணுமான்னு கேட்டீங்க. வேணும்னேன். வேற எதையும் கேக்கலையே தம்பி. கோவிச்சுக்காதீங்க. ஆமா… தண்ணி வரலைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— அது… பொதுவா ஒரு சுத்து பார்த்துட்டுப் போகலாம்னு…

— மூணு மாசமா எட்டிப் பார்க்காத ஆளு, இன்னைக்குப் பொதுவா வந்தீங்களாக்கும்! பூசி மெழுகாதீங்க.

— சொல்ல வேணாம்னாங்க… தையல்காரிதான். மூணு தடவை ஆபீசுக்கே வந்துட்டாங்க.

— அவளா?

— ம்.

— அலுத்துப் போச்சாமா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே… நான் என்ன கடிச்சா முழுங்கிடுவேன்?

— அலுப்பு இல்லைக்கா. முதுகெலும்பு தேஞ்சிருக்கு. இனிமே பாரம் தூக்கினா, தையல் மிஷின்லயே உட்கார முடியாமப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

— எப்போ?

— ரெண்டு மாசம் ஆச்சு.

— ரெண்டு மாசம்… நேத்துகூட ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சா. வயசாயிடுச்சாடின்னு கேலி பண்ணேன்…

— உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்களே குடத்தை எடுத்துக்கிட்டுப் படி இறங்கிடுவீங்கன்னு பயம். அதான் வாயைத் திறக்கல… அக்கா, அழுறீங்களா?

— அந்த வளைவைக் கழட்டுங்க தம்பி. உள்ள என் பழைய துணி இருக்கும்… நல்லா அழுத்தித் திணிச்சு வச்சிருக்கேன், இடுக்கி போட்டு இழுங்க. அவகிட்ட மட்டும்… மண்ணு அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடுங்க.